நீளப் பாட்டில் கூடி வந்த இரண்டு அடி

கார்த்தி போன் செய்து கேட்ட ஒரு கேள்விக்கு ஒரு வாரத்துக்கு மேல் நான் பதில் சொல்லாமல் இருந்தேன். எனக்குப் பிறகு எங்கள் பேண்டில் டிரம்ஸ் வாசிக்க வந்தவன் கார்த்தி. மரியாதை தெரிந்த பையன். எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் சாப்பிட்டீர்களா என்று கேட்பான். அன்றும் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, நீளப் பாட்டுல நடுவுல ரெண்டு பீட்டு கூட வருமே, அந்தத் திருப்பம், அது எந்த எடத்துல வருதுன்னு சொல்லுங்க. கிளிக் போட்டுக்கிட்டு இருக்கேன்."

கிளிக் என்பது வேறொன்றுமில்லை. டிரம்மரின் காதுக்குள் மட்டும் கேட்கிற டிக் டிக் சத்தம். கணினியிலிருந்து வரும். இப்போது வாசிக்க வருகிறவர்கள் அது இல்லாமல் மேடை ஏறுவதில்லை. பாட்டு எத்தனை பீட்டு, அதாவது எத்தனை தாள அடி, எங்கே நிற்கும், எங்கே மறுபடி எடுக்கும் என்று முன்கூட்டியே அதில் போட்டுவிட வேண்டும். போட்டபடிதான் அது போகும், யாருக்காகவும் காத்திராது.

"பழைய வீடியோ கெடச்ச வரைக்கும் பாத்துட்டேண்ணே. எல்லாம் ஜெகநாதன் அண்ணன் தனியா வாசிக்க ஆரம்பிக்கிற எடத்துல இருந்துதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க உருட்டுற ரோல்லயே ரெண்டு கூடிருச்சா, இல்ல கடைசில அண்ணன் குதிகாலைத் தட்டுற எடத்துல கூடுதா, ஒண்ணும் புரியல. ஆனா செம ஐடியாண்ணே. யாரு போட்டது?"

அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தத் திருப்பத்தை யாரும் போடவில்லை. அது ஒரு பிசகு. பேண்டை உண்டாக்கி, அதில் தணிந்த சுருதியில் ஒலிக்கிற பேஸ் கிட்டாரை வாசிக்கிற ஜெகநாதன் அண்ணனிடமிருந்து வந்த பிசகு என்று நான் நம்பியிருந்தேன். வெளியே தெரியாமல் இருக்க நான் அதை மூடினேன். மற்றவர்களும் என்னோடு சேர்ந்து மூடினார்கள். மூடி மூடி அது பார்க்க அழகான ஒன்றாகிவிட்டது. கார்த்தியிடம் உண்மையைச் சொன்னால் அவன் கணினியில் அந்த இரண்டு அடியைப் போடமாட்டான். பிறகு மேடையில் அண்ணன் தவறினால் தாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லிவைத்தாலும் அதே கதிதான், ஏனென்றால் அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. கிட்டார் வாசிக்கிறவரும் கீபோர்டுக்காரரும் ஏற்கெனவே வேறு பேஸ் கிட்டார் ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். நான் வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அண்ணனை அவருடைய பேண்டிலிருந்தே இறக்கிவிடுவதில் போய் முடியும் போலிருந்தது.

நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் தெளியும் என்று உட்கார்ந்தேன். தெளிந்ததா என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்குச் சோழவந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மதுரையில் அறை எடுத்துத் தங்கினேன். அறைக்கு எதிர் மாடியில் ஒருவர் டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தார். எண்ணுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே உள்ள கோளாறு. பஸ்ஸில் போனால் மின்கம்பங்களை எண்ணுவேன். கல்யாணத்தில் உட்கார்ந்தால் வாழை இலைகளை எண்ணுவேன். அந்தக் கோளாறுக்குச் சம்பளம் கொடுக்கிற ஒரு வேலை எதிர் மாடியில் இருந்தது, போய்ச் சேர்ந்தேன். பிறகு இருபது வருடங்களுக்கு மேல் மெல்லிசைக் குழுக்கள்: பொங்கல் விழா, பொருட்காட்சி, கல்யாண வரவேற்பு. என் பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை.

ஜெகநாதன் அண்ணனை முதலில் பார்த்தது அப்படியொரு வரவேற்பில்தான். சாப்பிட்டுவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி மேடை ஓரமாக வந்து நின்றார். வெள்ளை அரைக்கைச் சட்டை, நகங்களில் அழியாத நீலச் சாயம்.

"தம்பி, ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க," என்றார். "ஆனா ரொம்ப வாசிக்கிறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அதே சமயம் அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது. மெல்லிசைக் குழுவில் ஒவ்வொரு வரி முடிவிலும் டிரம்மர் ஒரு ரோல் உருட்டுவார். இருக்கிற டிரம்களில் எல்லாம் கை ஓடி வரும். உருட்டாவிட்டால் டிரம்மருக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள்.

அவர் சௌராஷ்டிரா குடும்பம். மதுரையில் மகால் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம், சொந்தச் சாயப்பட்டறை. வாலிபத்தில் சாயம் வாங்க பம்பாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தபோது ஒரு ஹோட்டல் பேண்டைக் கேட்டிருக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அறுபது எழுபதுகளில் ஆடுவதற்காக உண்டாக்கிய ஃபங்க், சோல் பாட்டுகளை அவர்கள் வாசித்தார்களாம். ஊருக்குச் சாயத்தோடு கேசட்டுகளும் ஒரு பழைய பேஸ் கிட்டாரும் வந்தன. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த பிறகு, அந்த இசையை மறுபடி வாசிக்க ஒரு பேண்ட் வேண்டும் என்று ஆள் தேடினார். பெயர் 'சுங்குடி சோல்'. முதல் நிகழ்ச்சிக்கு அடித்த ஃபிளெக்ஸில் 'சுங்குடி சோளம்' என்று போட்டுவிட்டார்கள். "விடுங்கண்ணே, வெவசாயிக அம்புட்டுப் பேரும் வந்துருவாக," என்றார் செல்லப்பாண்டி.

செல்லப்பாண்டி எங்கள் டிரம்பெட். திருவாதவூர்க்காரர். கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியம் வாசித்தவர், நடந்துகொண்டே ஊதிப் பழகியவர், நிற்க வைத்தால் ஒரு மாதிரி ஆடுவார். பாடுவது ஜெசிந்தா டீச்சர். பள்ளியில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவர். கிட்டார், கீபோர்டு எல்லாம் கல்லூரி முடித்த பையன்கள்.

ஒத்திகை அண்ணனுடைய சேலைக் கிடங்கில். சுவரோடு கூரை வரை சேலைக் கட்டுகள் அடுக்கியிருக்கும். அதனால் சத்தம் எதிரொலிக்காது. அடித்தால் அடித்த இடத்திலேயே நிற்கும். ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மின்விசிறி போடக்கூடாது, கட்டுகளின் மேலுள்ள காகிதம் படபடக்கும் என்பார். சித்திரை வைகாசியிலும் அப்படித்தான். என் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்.

அவருடைய முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். பாட்டு முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று சுற்றிச் சுற்றி வரும். ஒத்திகையின் முதல் அரைமணி நேரம் நாங்கள் எல்லோரும் 'ஒன்று' மட்டும்தான் வாசிக்க வேண்டும். ஒன்றில் எல்லோரும் சேர்ந்து ஒரு அடி. பிறகு இரண்டு, மூன்று, நாலு மௌனம். மறுபடி ஒன்று. அந்த மௌனத்தில் யாரும் காலாட்டக் கூடாது, தலையசைக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். பத்து நிமிடத்தில் பைத்தியம் பிடிக்கும். செல்லப்பாண்டிக்கு முதல் நாள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன்.

"இந்தப் பாட்டுக்கு ஒண்ணுதான் வீடு," என்றார். "மத்த மூணுல எங்க வேணும்னாலும் சுத்திட்டு வா. ஒண்ணுக்கு வீட்டுக்கு வந்துரணும்."

திட்டமாட்டார். யாராவது தவறினால் தான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவர் பக்கம் திரும்பி, விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டிவிடலாம். ரோல் உருட்டுவதை எனக்கு முழுவதும் தடை செய்திருந்தார். ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு இடத்தில் மட்டும் அனுமதி. அது நீளப் பாட்டு.

நீளப் பாட்டு எங்கள் சொந்த உருப்படி, எப்போதும் கடைசியில் வாசிப்பது. சாதாரணமாகப் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணன் இடது கையைத் தூக்குவார். நான் ஒரு முழு பாருக்கு ரோல் உருட்ட, அதன் முடிவில் எல்லோரும் சடாரென்று நிறுத்துவோம். அண்ணன் மட்டும் தனியாக பேஸ் வாசிப்பார். எவ்வளவு நேரம் என்பது அவர் இஷ்டம். எந்த வரம்பும் இல்லாமல் விரல் போன போக்கில் வாசிப்பார், ஒன்று எங்கே இருக்கிறது என்று அந்த வாசிப்பை வைத்துச் சொல்ல முடியாது. நான் இடது காலால் சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளை மட்டும் டிக் டிக் என்று சமமாக மூடித் திறந்துகொண்டு, மனதுக்குள் நாலு நாலாக எண்ணிக்கொண்டிருப்பேன். அவரும் எண்ணிக்கொண்டிருப்பார், தன் வீட்டு மொழியில். உதடு அசையும், எனக்கு அந்த மொழி தெரியாது. மனம் நிறைந்ததும் வலது குதிகாலை ஓங்கித் தட்டுவார். அது ஒன்று. எல்லோரும் அதில் விழ வேண்டும். அந்த இடத்தில் கூட்டம் எழுந்து ஆடிவிடும்.

திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், எங்கள் பாட்டுக்கு ஆட வேண்டும் என்பதற்காகவே எங்களை ஏற்பாடு செய்திருந்தார். முதல் ஏழு பாட்டும் ஒழுங்காகப் போயின. கடைசியில் நீளப் பாட்டு. அண்ணன் கையைத் தூக்கினார், நான் உருட்டினேன், எல்லோரும் நின்றோம். அவர் தனியாக வாசித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். என் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும்போது, அந்த மூன்றில் அவருடைய குதிகால் விழுந்தது.

செல்லப்பாண்டி குதிகாலைப் பார்த்து ஊதிவிட்டார். கிட்டாரும் கீபோர்டும் அவரோடு போயின. நான் என் கணக்கில் நின்றேன். கொஞ்ச நேரம் ஒரே மேடையில் இரண்டு 'ஒன்று' இருந்தது. ஜெசிந்தா டீச்சர் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். எந்த ஒன்றில் பாடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் இரண்டு அடி கூட வாசித்து, பெரிய சிம்பலை அறைந்து, அண்ணனுடைய ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் மூச்சை இழுத்துப் பாடிவிட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் விசிலடித்தார்கள்.

இறங்கி வந்து சாமான்களைக் கட்டும்போது செல்லப்பாண்டி காதருகே வந்தார்.

"அண்ணே, தப்புனது நீங்களா, அவரா?"

"நான் இல்ல."

"அப்ப அவரா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"ரெண்டும் இல்லன்னா மாப்பிள்ளையாத்தான் இருக்கணும்," என்று டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தார்.

அண்ணன் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருப்பரங்குன்றம் தாண்டும்போது, "கதிரேசா, ஒடம்பு நல்லாருக்கா?" என்றார். நல்லாயிருக்கு அண்ணே என்றேன். அவர் தன்னைப் பற்றிப் பேச ஆரம்பிக்கப் போகிறாரோ என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை.

அந்த இடத்தை மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் கல்யாண வீடியோ வாங்கினேன். அதைத் தொகுத்தவர் எங்கள் சத்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். நாங்கள் அந்தப் பாட்டுக்கு வாயும் கையும் அசைத்துக்கொண்டிருந்தோம். செல்போன் வீடியோ வைத்திருந்தவர்களைக் கேட்டேன். எல்லாமே நாங்கள் நிறுத்தி, அண்ணன் மேல் மட்டும் விளக்கு விழுந்த பிறகு எடுத்தவை. அங்கிருந்து எண்ணினால் குதிகால் வரைக்கும் இரண்டு அடி அதிகம் வருகிறது. அவ்வளவுதான் தெரியும். அண்ணன் எண்ணிக்கையில் தவறினாலும் அப்படித்தான் வரும். அதற்கு முன்பே என் ரோல் இரண்டு அடி நீண்டிருந்து, அண்ணன் அதைச் சரி செய்வதற்காகக் காலை மாற்றி வைத்திருந்தாலும் அப்படியேதான் வரும். பின்னது எனக்குத் தோன்றியபோது சிரிப்பு வந்தது. எண்ணுவதில் நான் தவறுவேனா.

மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சி. சிலவற்றில் எல்லாம் சரியாக இருக்கும். சிலவற்றில் குதிகால் என் மூன்றில் விழும். ஒரு நாள் கிடங்கில் அண்ணன் வருமுன் ஜெசிந்தா டீச்சர் பேச்சை எடுத்தார்.

"அவருக்கு வயசாகுதுண்ணே. நீங்கதான் பக்குவமாச் சொல்லணும். நாங்க சொன்னா நல்லாருக்காது."

"என்னன்னு சொல்ல? ஒங்களுக்கு ஒண்ணு மறந்துபோகுதுன்னா?"

"வேற யாரு சொல்லுவா?"

நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன்: அவர் வீட்டில் அவரே என்னை அழைத்து உட்கார வைத்து, இது உன் வீடு என்று காட்டிய பிறகு, உங்களுக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை என்று சொல்வதா? அதற்குப் பதில் வேறு ஏற்பாடு செய்தேன். குதிகால் தப்பி விழுந்தால் நான் உடனே இரண்டு அடி கூட்டி, பெரிய சிம்பலை அறைவேன். யாரும் குதிகாலைப் பார்க்க வேண்டாம், சிம்பலைக் கேட்டுத்தான் நுழைய வேண்டும். டீச்சர் அந்த இரண்டு அடியில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து இதைப் பழகினோம். நன்றாகப் படிந்துவிட்டது. அதற்குத் திருப்பம் என்று பெயரும் வந்தது. கல்லூரிப் பையன்கள் மேடைக்குப் பின்னால் வந்து அந்த இடத்தைக் கையில் தட்டிக் காட்டி, எப்படி என்று கேட்பார்கள். செல்லப்பாண்டி, "அது தொழில் ரகசியம் தம்பி" என்று அனுப்பிவைப்பார்.

ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. அவர் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மகளுக்குச் சேலை வேண்டும் என்ற சாக்கில் மதினிக்குப் போன் செய்தேன். சேலை விவரம் முடிந்ததும், "அண்ணன் மறதி கிறதி இல்லாம நல்லாருக்காரா மதினி?" என்றேன்.

"அவருக்கென்ன தம்பி, எந்தச் சாயம் எம்புட்டுன்னு இன்னைக்கும் மனசுலயே சொல்லுவாரு. உங்களைப் பத்தித்தான் கவலைப்பட்டுக்கிட்டே இருக்காரு."

என் இடுப்பு வலியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே இடுப்பு பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

சாயக் கணக்கு தவறாதவர் நாலு வரை எண்ணத் தவறுவாரா? அன்று தூக்கம் கெட்டது. மறுநாள் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். இடது காதில் கூர்மையான சத்தங்கள் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு இது சகஜம் என்றார் டாக்டர். எண்ணிக்கை தவறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். அவர், "எண்ணுறது காதுல இல்லையே சார்" என்றார். அது எனக்கு ஆறுதலா, இல்லையா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். அன்று மின்கம்பங்களை எண்ண மனம் வரவில்லை.

கடைசியில் இடுப்புதான் என்னை இறக்கியது. முதுகுத்தண்டில் தேய்மானம், டிரம்ஸ் முக்காலியில் உட்காரவே கூடாது என்றுவிட்டார்கள். பேண்டில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. என் இடத்துக்குக் கார்த்தி வந்தான், கிளிக்கோடு. பிறகு அந்தப் போன்.

நான் பதில் சொல்லாமல் இருக்கவே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகைக்கே வரச் சொல்லிவிட்டான். பைபாஸ் ரோட்டில் ஒரு ஹோட்டல் நிகழ்ச்சி, அடுத்த சனிக்கிழமை. அதற்குள் கணினிக் கணக்கு முடிய வேண்டும். "வாரேன்" என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. கிடங்கில் எனக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்காக மின்விசிறி வேறு ஓடியது. கட்டுகளின் காகிதம் படபடத்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

நீளப் பாட்டை எடுத்தார்கள். கார்த்தி திருப்பம் எதையும் போடாமல், வெறும் நாலு நாலாகப் போட்டுவைத்திருந்தான். அண்ணன் கையைத் தூக்கினார். கார்த்தி உருட்டினான், நிறுத்தினார்கள். அண்ணன் கண்ணை மூடி வாசித்தார். நான் எண்ணினேன். குதிகால் எங்கே விழுந்தது தெரியுமா? ஒன்றில். துல்லியமாக ஒன்றில். தன் காதில் கிளிக் சொன்ன ஒன்றும் அதுதான் என்று கார்த்தி தலையசைத்தான்.

மறுபடி ஒருமுறை எடுக்கச் சொன்னேன். மறுபடி ஒன்றில்.

அவர் எப்போதும் தவறுகிறவர் இல்லையே, இன்று நல்ல நாளாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஜெசிந்தா டீச்சர் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டார்.

"கார்த்தி, எனக்கு மூச்சு வாங்க எடமே இல்ல. அந்த ரெண்டு பீட்டு எங்க? அது இல்லாம என்னால அந்த வரியைப் பாட முடியாது."

"அதத்தான் டீச்சர் அண்ணன்கிட்ட ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்ற கார்த்தி காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தான். "ரெண்டு அண்ணன்மாரும் இருக்கீங்க. இப்பயாவது சொல்லுங்க. எங்க வைக்க?"

இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. கையை நீட்டி அண்ணனுடைய குதிகாலைக் காட்டினேன். காட்டும்போதுதான் பார்த்தேன்: அதே நேரத்தில் அண்ணனும் கையை நீட்டியிருந்தார். அவர் விரல் கார்த்தி மடியிலிருந்த குச்சிகளைக் காட்டியது. ரோல் உருட்டுகிற குச்சிகளை.

கார்த்தி குனிந்து குச்சிகளைப் பார்த்தான்.

"ஒன் ரோல் நீண்டு போகுது கதிரேசா," என்றார் அண்ணன் மெல்ல. "திருமங்கலத்துல இருந்து. சில நாளு ரெண்டு கூட உருட்டிருவ. நான்தான் காலை மாத்தி வச்சு ஒன்னைய ஒண்ணுக்குக் கூட்டிட்டு வருவேன். நீ மறுபடி ரெண்டு சேத்து விலகுவ. வயசாகுது, இடுப்பு வேற, எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"அண்ணே, நான் ஒங்களுக்காகத்தான் அந்த ரெண்டையும் சேத்தேன்," என்றேன். "ஒங்க காலு மூணுல விழுந்துச்சு."

"என் காலா?"

"ஒங்க காலுதான்."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ரெண்டு பேருகிட்டயும்தான் சொன்னேன்," என்றார் டீச்சர் என்னிடம். "யாரு தப்புன்னு எனக்கெப்பிடித் தெரியும்? அவருகிட்ட நீங்க சொல்லுங்கன்னு ஒங்ககிட்ட சொன்னேன். ஒங்ககிட்ட சொல்லச் சொல்லி அவருகிட்ட சொன்னேன். ரெண்டு பேருல ஒருத்தராவது கேப்பீங்கன்னு பாத்தா, ரெண்டு பேருமே வாயத் தொறக்கல."

"அப்ப இம்புட்டு நாளா நாங்க யாரைப் பாத்து ஊதுனோம்?" என்றார் செல்லப்பாண்டி. கேட்ட கையோடு தானே, "சரி, காசு வந்துச்சுல்ல" என்று டிரம்பெட்டின் எச்சிலை வடித்தார்.

அவர் சொல்வதை வைத்துத் திருமங்கலத்தை மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டு கணக்கும் ஒத்துவந்தன. கார்த்தி உருட்டினால் குதிகால் ஒன்றில் விழுகிறது என்றால் தவறியவன் நான்தானா? அல்லது, காதில் கிளிக் உள்ளவன் உருட்டுவதால் அவரும் நிதானமாகிவிட்டாரா? அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவரும் இதையேதான் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்; உதடு அசைந்தது. எந்த மொழியில் என்று நான் கவனிக்கவில்லை.

கிட்டார் பையனும் கீபோர்டு பையனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிய பேஸ் ஆளைப் பற்றி அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. எந்தக் கிழவன் தவறினான் என்று தெரியாதபோது யாரை மாற்றுவது?

"அண்ணே, முடிவா ஒரு எடம் சொல்லுங்க," என்றான் கார்த்தி. பாவம், அவன் விரல் கணினியின் மேலேயே காத்திருந்தது. "ரோல்லயா, காலுலயா?"

"ரோல்ல," என்றார் அண்ணன்.

"காலுல," என்றேன் நான்.

கார்த்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இரண்டையும் போட்டுவிட்டான். ரோலில் இரண்டு, குதிகாலில் இரண்டு. டீச்சர், தனக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கலாம், சந்தோஷம் என்றார்.

வாசித்துப் பார்த்தார்கள். கார்த்தியின் ரோல் இரண்டு அடி நீண்டது. அண்ணன் தனியாக வாசித்தார். குதிகால் இரண்டு அடி தள்ளி விழுந்தது, சிம்பல் அறைந்தது, எல்லோரும் நுழைந்தார்கள். நான் நாற்காலியில் சாய்ந்தபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தேன். இரண்டும் இரண்டும் நாலு. நாலு அடி ஒரு முழு பார். ஒன்று எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது, யாருமே எந்த இடத்திலும் தவறாததைப் போல.